தெளிந்த மடு

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறுவருஷம், குமாரபாளையத்துக்குக் கீழே காவிரி மடுவில் சென்னிமலை என்பவன் கூடை கூடையாக மட்டிச் சிப்பி கொண்டுவந்து போட்டான். கரூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மட்டி பெருகினால் ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்கலாம் என்று நினைத்தான். முன்பென்றால் ஆடி வெள்ளம் அத்தனையையும் அடித்துப் போயிருக்கும். அணை வந்தபின் வெள்ளம் அடங்கிவிட்டது. மட்டி மடுவின் அடிமணலெங்கும் பெருகிவிட்டது.

சில வருஷங்களில், பச்சையாகக் கிடந்த மடு பளிங்காகிவிட்டது. நூல் அலச வந்த பெண்கள் சென்னிமலையைக் கொண்டாடினார்கள். அதே மடுவில் மீன் பிடித்துப் பிழைத்த அம்மாசிக்கு வயிறு எரிந்தது. அவன் மனைவி பெருமாயியே, "அடியில கெடக்குற கல்லெல்லாந் தெரியுதுங்க. அந்தத் தம்பி மட்டி போட்ட கைராசி" என்றாள். அன்று அம்மாசிக்குச் சோறு இறங்கவில்லை. சிறுவயது முதல் தான் இறங்கிய தண்ணீரை நேற்று வந்தவன் தன் பேருக்கு ஆக்கிக்கொண்டானே.

வலையில் மீன் குறைந்தது. வந்த மீனும் இளைத்திருந்தது. குடலைக் கீறினால் ஒன்றுமில்லை.

"தண்ணியில இருந்த பச்சைப் பாசிதான் மீன் குஞ்சுக்குத் தீனி. அதை மட்டி உறிஞ்சிப்போடுது" என்றான் அம்மாசி.

"உங்களுக்குப் பொறாமைங்க" என்று பெருமாயி சிரித்தாள்.

மறுநாள் பக்கத்து ஏரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மொண்டுவந்து இரண்டு சட்டிகளில் ஊற்றினான். ஒன்றில் மட்டும் மட்டியைப் போட்டு, பெண்கள் நூல் அலசும் துறையில் வைத்தான். பொழுது சாய்வதற்குள் மட்டிச் சட்டி தெளிந்துவிட்டது. மற்றது பச்சையாகவே இருந்தது. சென்னிமலை சண்டைக்கு வருவான், எல்லோரும் பார்க்க அவனை மடக்கிவிடலாம் என்று அம்மாசி காத்திருந்தான்.

சென்னிமலை வந்து இரண்டு சட்டிகளையும் குந்தியிருந்து பார்த்தான். "மீனுக்குத் தீனி போயிரும்னு தெரியாமப் பண்ணிப்போட்டனுங்ண்ணா. நானே பொறுக்கிப் போடறனுங்க" என்று வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான்.

"எத்தனை நல்ல மனசு பாருங்க" என்றாள் பெருமாயி. மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். அம்மாசியின் சட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓராள் பொறுக்கித் தீராது என்பது அம்மாசிக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அவனும் இறங்கினான். இருவரும் கூடை கூடையாகக் கரையில் கொட்டினார்கள். ஆழத்தில் இருந்தவை மட்டும் கைக்கு எட்டவில்லை. அடுத்த மழைக்குப்பின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை கண்டது, கெண்டைக்குஞ்சுகளும் தென்பட்டன.

"மறுபடி மீன் வந்ததெல்லாம் சென்னிமலை தம்பி புண்ணியம்" என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அம்மாசி காதில் விழாதவன்போல வலையை உதறினான்.