சம்பந்தி வீட்டுக்குப் போன கத்தி

காலை ஒன்பது மணிக்கு அந்தப் போன் வந்ததிலிருந்து ஜெயராமனுக்கு ஒரு வாய் இட்லிகூட இறங்கவில்லை. பேசியவர் கொரட்டூர் நாகேந்திரன். அவர் மகன் ஸ்ரீநாத்துக்கும் ஜெயராமனின் மகள் பவ்யாவுக்கும் நிச்சயம் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு நாற்பது நாள் பாக்கி.

“சம்மந்தி, நானும் சொர்ணமும் மூணு மணிக்கா வர்றோம். பாப்பா ஊட்ல இருக்குமா?”

“டெய்லர் கடைக்குப் போறா. இருக்கச் சொல்லட்டுமா?”

“வாணாம் வாணாம். அது இல்லாதப்பவே வர்றோம். அந்தக் கத்தி விஷயம். போன்ல பேச முடியாது.”

எந்தக் கத்தி என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. ஜெயராமன் சமையலறை வாசலில் போய் நின்றார். தோசைக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்த மனைவி சுலோசனா தலையை நிமிர்த்தவே இல்லை. அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

“சம்மந்திக்கு அறுபதாவது பொறந்த நாள் வந்துது. பவ்யா தன் கையால ஒண்ணு செஞ்சு ஸ்ரீநாத்கிட்ட குடுத்து விட்டா. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு…”

“விட்டிருக்க மாட்டேன்தான்.”

பவ்யாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் முகப்பேர் ஃபிளாட்டின் பால்கனி அவளுடையது. சாதாரண மடக்குக் கத்திகளை வாங்கி, பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு மரப்பிடி போடுவாள். பிறகு கத்தியின் முதுகில் சின்னச் சின்ன அரங்களால் ராவி, கொடியும் இலையுமாக ஓடவிடுவாள். பெங்களூரிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்துநாலு வருஷம் டூல்ரூம் ஃபோர்மேனாக இருந்த ஜெயராமன் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கத்தி செய்கிற பெண் என்று பெயர் வந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்பது அவர் கவலை.

நிச்சயம் ஆன அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கத்தி போகக் கூடாது. கூரானதை உறவுக்குக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். ஜெயராமனின் அப்பா அரிவாள்மணையைக்கூட ஒருவர் கையில் கொடுக்க மாட்டார். தரையில் வைப்பார், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று ஜெயராமன் யோசித்ததில்லை. எதிர் வீட்டார் நம்பினால் என்ன ஆவது என்றுதான் யோசித்தார். இப்போது ஆகிவிட்டது.

“அவங்க குடுத்த நிச்சயப் புடவை, வெள்ளிக் குங்குமச் சிமிழ் எல்லாத்தையும் ஒரு பையில எடுத்து வை,” என்றார்.

“எதுக்குங்க இப்பவே…”

“நிறுத்திடலாம்னு அவங்க வாயத் தொறந்தா, அடுத்த நிமிஷம் பொருள் அவங்க கையில இருக்கணும். கேட்டு வாங்கற நிலையில யாரையும் இந்தக் குடும்பம் வச்சதில்ல.”

சுலோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்து வைத்தாள். பை படுக்கையறைக் கதவோரம் உட்கார்ந்தது. ஜெயராமன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் முதுகு எந்த நாற்காலியிலும் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நிறுத்துவது உங்கள் இஷ்டம். காரணத்தை மட்டும் என் பெண் தலையில் வைக்காதீர்கள்.

மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வாசல் மணி அடித்தது. நாகேந்திரன் கொரட்டூரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். எங்கே போனாலும் அவர் குரல்தான் முதலில் உள்ளே வரும். இன்று சத்தமே இல்லை. சொர்ணம் அவருக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி வந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றார்கள். நாகேந்திரன் பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். கையில் தரவில்லை. டீப்பாயின் மேல் வைத்தார்.

ஜெயராமன் பொட்டலத்தையே பார்த்தார். “எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க.”

“நீ சொல்லு,” என்றார் நாகேந்திரன் மனைவியைப் பார்த்து.

“நான் இன்னாத்துக்கு? மாங்கா நறுக்குனது நீங்க.”

“ஊற வச்சது யாரு?”

“எச்சக் கத்திய அங்க போட்டா நான் இன்னா பண்றது?”

நாகேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டார். “சொல்லவே வெக்கமா கீது சம்மந்தி. இது தொறக்க மாட்டேங்குது.”

ஜெயராமனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “என்னது?”

“பாப்பா குடுத்த கத்தி. கடைக்கு வர்றவனுக்கெல்லாம் காட்டிகினு இருந்தேன், மருமவ செஞ்சதுன்னு. ஊர்கா போட மாங்கா நறுக்கி மடக்கி வச்சேன். இவ ராத்திரி பூரா பாத்திரத்தோட ஊற வச்சிட்டா. மரம் உப்பிப்போய் கத்தியக் கவ்விகிச்சு. பாப்பா இன்னும் ஊட்டுக்குள்ள கால்கூட வைக்கல, அதுக்குள்ள அது ஆசையா செஞ்சத நாசம் பண்ணிட்டோம். கரையான்சாவடில ஒருத்தர் ரிப்பேர் பண்றார்னாங்க. வேத்து ஆளு கை படக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வந்தோம். பாப்பாவுக்குத் தெரிய வாணாம்.”

“அப்ப… கத்தியக் குடுத்தது தப்புன்னு நீங்க…”

“இன்னா தப்பு?” என்றாள் சொர்ணம். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஜெயராமன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். மகளின் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவளுடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கத்தி மடங்குகிற இடத்துத் திருகைக் கழற்றினார். மஞ்சள் பலாமரப் பிடி இரண்டாகப் பிரிந்தது. உள்பக்கத்து ஈரத்தைத் துடைத்து வெயிலில் வைத்தார். உப்பிய இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். அலகின் துருவை எடுக்கும்போதுதான் முதுகிலிருந்த கொடியைப் பார்த்தார். பதினோரு இலை. ஒவ்வொன்றும் ஒரே சாய்வு, ஒரே ஆழம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எண்ணினார். பதினொன்றுதான். டூல்ரூமில் அவருக்குக் கீழே வேலை பார்த்த யாரும் இப்படி அரம் பிடித்ததில்லை.

எண்ணெய் ஒரு சொட்டு விட்டு முடுக்கியதும் கத்தி வழுக்கிக்கொண்டு திறந்தது. ஹாலிலிருந்து எட்டிப் பார்த்த நாகேந்திரனுக்குப் போன குரல் திரும்பி வந்தது. “அடி தூள்! சொர்ணம், தொறந்துகிச்சுடி!”

காபி வந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். பவ்யா உள்ளே வந்து, டீப்பாய் மேல் கத்தியையும் சுற்றி நாலு பேர் முகத்தையும் பார்த்தாள். கத்தியை எடுத்துத் திருகைத் தடவினாள்.

“இத யாரோ கழட்டியிருக்காங்க.”

சொர்ணம் காபித் தம்ளருக்குள் குனிந்துகொண்டாள்.

“நான்தான்,” என்றார் ஜெயராமன். “பாக்கணும்னு கொண்டுவரச் சொன்னேன். உள்வேலை எப்படின்னு பிரிச்சுப் பாத்தேன்.”

“எப்படிப்பா இருக்கு?”

“என் செக்‌ஷன்ல இருந்திருந்தா பாஸ் போட்டிருப்பேன்.”

பவ்யாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சுலோசனா படுக்கையறைப் பக்கம் நழுவி, கதவோரப் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“இவுரு இத என் கையில குடுக்கவே மாட்டார்மா,” என்றாள் சொர்ணம், தைரியம் வந்தவளாக. “எனக்குத் தனியா ஒண்ணு செஞ்சு குடேன்.”

எல்லோரும் ஜெயராமனைப் பார்த்தார்கள்.

“செஞ்சு தருவா,” என்றார் அவர். “தாலி கட்டி முடியட்டும். மறுநாள் வாங்கிக்குங்க.”

நாகேந்திரன் கடகடவென்று சிரித்தார். ஜெயராமன் தம்ளரை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து இறங்காததெல்லாம் சேர்ந்து இறங்குகிற மாதிரி ஒரு வாய் குடித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.