கரைச்சல் இல்லாத பிள்ளை

மயூரதன் மகனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினான். பெட்டி வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டான். வெள்ளைத் துவாயில் சுற்றிய பிள்ளையோடு அவன் முன்னால் நடக்க, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி நாலைந்து ஆண்கள் பின்னால் போனார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கஜானி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை எடுக்க வயிற்றில் வெட்டிய வெட்டே அவளுக்கு இன்னும் முழுதாய் ஆறவில்லை.

"ஒரு கரைச்சலும் தராத பிள்ளை," என்று பூரணம் பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். "வந்ததும் தெரியேல்லை, போனதும் தெரியேல்லை."

அந்தச் சொல்லைக் கேட்கக் கஜானிக்கு உடம்பு கூசியது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து வீட்டில் அதே பேச்சுத்தான். அவன் அழமாட்டான். இரவில் யாரையும் எழுப்பமாட்டான். பால் குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கண் செருகி நித்திரையாகிவிடுவான். "எங்கடை வீட்டுப் பிள்ளையள் எங்களை உப்பிடி நித்திரை கொள்ள விட்டதுகளே? நீ குடுத்து வைச்சனி," என்று பெரியம்மா பகிடி விடுவாள். கஜானிக்கும் பெருமை பிடிபடவில்லை.

பால் குடிக்கும்போது அவனுக்கு நெற்றியில் முத்து முத்தாய் வேர்க்கும். வெக்கைதானே என்று துணியால் ஒற்றிவிடுவாள். ஒரு மேசை விசிறி வேண்டும் என்று கேட்டாள். மயூரதன் அன்றைக்கே சுன்னாகத்துக்குப் போய் வாங்கி வந்து அறை வாசலில் வைத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. புத்தூர் வெயிலில் விசிறி கேட்டால் யார்தான் ஏன் என்று கேட்பார்கள்? பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை பெண்கள்தான் அந்த அறைக்குள் போய்வந்தார்கள். அவன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

நேற்று விடியப் பிள்ளையின் வாயும் சொண்டும் நீலம் பாய்ந்து கிடந்தது. ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைப்பேறு முடிந்து அவளைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அதே டொக்டர்தான் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"பால் குடிக்கேக்கை தம்பிக்கு வேர்க்கிறதோ, அம்மா?"

"ஓம்."

"களைச்சுப்போய் இடையிலை விட்டிட்டு நித்திரை கொள்ளுறவரோ? மூச்சு கெதியாய் வாங்கினதோ?"

"ஓம் டொக்டர். கொஞ்ச நாளாய் நெஞ்சுக்குழி உள்ளை போய்ப்போய் வந்தது."

டொக்டர் மயூரதன் பக்கம் திரும்பினார். "நான் உங்களுக்குச் சொல்லித்தானே விட்டனான்?"

மயூரதன் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை இழுத்து மூடினான்.

டொக்டர் என்ன சொல்லிவிட்டார் என்று அவனிடம் கேட்க, நேற்றிலிருந்து செத்தவீட்டுச் சனம் இடம் கொடுக்கவில்லை. குசினிக்குள் யாரோ, தாய்க்குப் பால் காணாமல், வயிறு நிரம்பாமல்தான் பிள்ளை மெலிந்துபோனது என்று குசுகுசுத்ததும் அவள் காதில் விழுந்தது. பிள்ளை வளர்க்கத் தெரியாமல் தான்தான் அவனைச் சாகவிட்டாளா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

மயூரதன் திரும்பி வந்து கிணற்றடியில் முழுகிவிட்டு நேரே அறைக்குள் வந்தான். இன்றைக்கு அவனை யாரும் மறிக்கவில்லை.

"தாட்டாச்சோ?"

"ஓம்."

"டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

அவன் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்தான். "துண்டு வெட்டின அண்டைக்குச் சொன்னவர். பிள்ளையின்ரை இருதயத்திலை ஒரு இரைச்சல் கேக்குதாம். பிறந்த பிள்ளையள் கனபேருக்கு இருக்கிறதாம், அநேகமாய்த் தன்ரை பாட்டிலை மாறிடுமாம், பயப்பிட வேண்டாமாம். ஸ்கான் எடுக்க ஒரு திகதியும் குறிச்சுத் தந்தவர். ஆனால் அதுக்கிடையிலை பால் குடிக்கேக்கை வேர்த்தால், களைச்சால், மூச்சு வாங்கினால், சொண்டு நீலிச்சால், அந்த நாளைப் பாத்துக்கொண்டிராமல் உடனை கொண்டு வரச் சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"பிள்ளை பெத்தவள் பயந்து ஏங்கினால் பால் வத்திப்போம் எண்டு சொல்லுவினம் எல்லே. நீர் ஏங்கிப்போவீர் எண்டுதான்... வீட்டிலை ஒருத்தருக்கும் நான் மூச்சு விடேல்லை."

"வேர்க்க வேர்க்க நான்தானே ஒற்றினனான். கண்ணுக்கு முன்னாலை எல்லாத்தையும் பாத்துக்கொண்டெல்லே இருந்தனான். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கினான். வஞ்சகத்தில் மறைத்திருந்தால் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். அவள் மேல் வைத்த பாசத்தில் அல்லவா மறைத்திருக்கிறான். அவனைப் பிடித்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்த ஈரத் தலையைத் துவட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை. பால் ஊறிச் சட்டை நனைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் விறாந்தையில் ஒரு பிள்ளை வீரிட்டது. மயூரதனின் தங்கை தனுஷிகா, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு கொடிகாமத்திலிருந்து வந்திறங்கியிருந்தாள்.

"அங்காலை கொண்டு போ பிள்ளை, அவளுக்குக் கேக்கப்போகுது," என்று பெரியம்மா பதறினாள்.

தனுஷிகா குழந்தையின் வாயைக் கையால் மூடிக்கொண்டு முற்றத்தில் இறங்கப் போனாள். கஜானி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"விடு மச்சாள், வாயைப் பொத்தாதை. அழட்டும்."

தனுஷிகா கையை எடுத்தாள். குழந்தை முகம் சிவக்கச் சிவக்க, மூச்சை இழுத்து இழுத்து, வீடு அதிரக் கத்தியது. கஜானி கதவு நிலையைப் பிடித்தபடி, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.