வெள்ளிமலை பஸ்ஸின் மூன்றாவது சீட்டு

பைசலை அடக்கம் செய்துவிட்டு வந்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஷிரின் அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னசேலம் ரோட்டில் லாரி மோதிய அன்று அவன் போடாமல் விட்டுப்போனவை. வாசலில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன.

"அம்மா, நாங்க பைசல் பாயோட ஃபேன்ஸு. சங்கராபுரத்துலருந்து வர்றோம்." பேசியவன் பெயர் தமிழழகன்.

அம்மா அத்தியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஷிரின் அறைத் திரைக்குப் பின்னாலேயே நின்றாள்.

"ஃபேன்ஸா? எதுக்குப்பா?"

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க! கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்ற கேம் இருக்குதில்ல, அதுல நம்மூரு பஸ்ஸுங்கள அப்டியே செஞ்சி எறக்குவாரு. பெயிண்டு, பேரு, முன்னாடி கட்ன எலுமிச்சம்பழம் வரிக்கும். காசு குடுத்து வாங்குவோம். மத்தவன் பண்றதெல்லாம் தீப்பெட்டிம்மா. பாய் பண்றதுதான் பஸ்ஸு."

நேற்றிலிருந்து குனிந்தே இருந்த அம்மாவின் முகம் நிமிர்ந்தது. "எம்புள்ளயா?"

விற்றது பைசல். வீடியோவில் பேசியது பைசல். அந்த பஸ்களை லேப்டாப்பில் செய்தவள் ஷிரின். "உம்பேரு வெளிய வந்தா கண்டவனும் மெசேஜ் போடுவான். அத்தா லேப்டாப்ப புடிங்கி வெச்சிடுவாரு. எம்பேரு இருக்கட்டும்," என்று அவன்தான் சொன்னான். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

"வெள்ளிமல பஸ்ஸ பாதி பண்ணிக்கினு இருந்தாரும்மா. லேப்டாப்ப குடுத்தீங்கன்னா நாங்க முடிச்சி, அவரு பேருலயே எல்லாருக்கும் காசில்லாம உட்டுடுவோம். கடைசி பஸ்ஸு."

"ஷிரின், எடுத்தாந்து குடு."

லேப்டாப் அவள் கையில், துப்பட்டாவுக்கு அடியில் இருந்தது. கொடுத்தால் இனி அவளுக்கு ஒன்றுமில்லை. கொடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால், அம்மா முகத்தில் இப்போது வந்திருப்பது போய்விடும்.

"ஷிரின்!"

"போன வாரம் போட்ட வீடியோ பாருங்கம்மா." தமிழழகன் போனை நீட்டினான்.

"மக்களே, வெள்ளிமல வண்டி ரெடியாயிக்கினு இருக்கு..."

பைசலின் குரல். அத்தியா போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள பாருங்கம்மா, லேடீஸ் சைடு மூணாவது சீட்டு. எதுர் சீட்டு முதுகுல ரெக்சின் கிழிஞ்சிருக்குது, அதுல பின்னு குத்தியிருக்குது. நெஜ பஸ்ல ஏறிப் பாத்தோம்மா. அப்டியே இருக்குது!"

அத்தியா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். தலையில் நீல மணி வைத்த பின்னு. ஷிரினின் முக்காட்டுக்கென்று போன ரம்ஜானுக்கு அத்தியாவே வாங்கியது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க ஷிரின் தினமும் போவது அந்த பஸ்ஸில்தான்.

"அவன் எங்க பஸ்ல போனான்? அந்தப் பாழாப்போன பைக்குலதானே சுத்தினான்..." என்றவள், மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு ஷிரின் வெளியே வந்தாள். லேப்டாப் மார்போடு இருந்தது.

"அது நான் உக்கார்ற சீட்டும்மா. பின்னு நான் குத்துனது."

அம்மாவின் கையில் வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. "மக்களே..." அண்ணன் பேசி முடிக்கும்வரை ஷிரின் காத்திருந்தாள்.

"எல்லா பஸ்ஸும் நான் பண்ணதும்மா."