போட்டோவில் நின்ற தண்ணீர்

"அந்தப் போட்டோவையும் கழட்டிடும்மா, பெயின்ட் பட்டுடப் போகுது" என்றார் பெரியவர், செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி குடியிருக்கும் கீழறைச் சுவருக்குத் தம் கையாலேயே பெயின்ட் அடித்தபடி.

ஊருக்கெல்லாம் பெயின்ட் விற்கிறவர், ஆறு வருஷமாக அந்த அறைக்கென்று ஒரு டப்பாவைத் திறந்ததில்லை. இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாகப் பிரஷ்ஷோடு இறங்கி வந்துவிட்டார். தையல்காரி மெஷினை நகர்த்திப் போட்டுவிட்டு, புருஷன் படத்தை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாசம் பொங்கிவிட்டது என்று நம்ப அவளுக்கும் ஆசைதான். நம்பத்தான் முடியவில்லை.

சங்கதி இதுதான். வெள்ள அபாயப் பகுதிகளை அளக்கும் அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். போன வெள்ளத்தில் மூன்றடிக்கு மேல் தண்ணீர் ஏறிய வீடென்றால் வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் போய்விடும். அப்புறம் கொல்லையில் புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது. தரைத்தளத்தில் ஆள் குடியிருக்கவும் கூடாது. கீழறைச் சுவரிலோ தண்ணீர் ஏறிய கறை நேற்றுவரை அப்படியே இருந்தது. பெரியவருக்கோ கொல்லையில் வாடகைக்கு நாலு வீடு கட்ட ஆசை. கீழறையை இடித்து அதற்கு வழி விடுவதாகத் திட்டம். தையல்காரிக்குக் கொல்லைக் கோடியில் ஓர் அறை. இதைவிட இரண்டடி பள்ளம்.

புருஷன் போன கையோடு அவளை மாடியிலிருந்து இறக்கியதும் இதே பெரிய மனசுதான். "ஒத்தை ஆளுக்கு எதுக்கு மாடி?" என்றார் அப்போது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் மாடியில் இருந்தார்கள்.

அதிகாரி வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கீங்க போல."

"வருஷா வருஷம் அடிக்கிறதுதான் சார்" என்றார் பெரியவர்.

"போன வெள்ளத்துல எவ்வளவு தண்ணி ஏறிச்சு?"

"கணுக்கால் நனைஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

அண்ணன் தும்மினாலும் ஆமாம் போடுகிற சின்னத் தம்பி, குனிந்து தன் கணுக்காலையே தொட்டுக் காட்டினார்.

"இங்க யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்ல சார். பழைய சாமான் போட்டு வைக்கிற ரூம்."

பழைய சாமான் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டது. நேரே போய்ப் படத்தைப் பழைய ஆணியில் மாட்டினாள்.

"ஏம்மா, இன்னும் காயல" என்று பதறினார் பெரியவர்.

"பரவாயில்ல அத்தான். அவரு ஈரத்துல நின்னு பழகினவரு."

அதிகாரி கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடிக்குள், படத்தில் இருந்தவரின் கழுத்தை ஒட்டிப் பழுப்பாக ஒரு கறை குறுக்கே ஓடியது. அதற்குக் கீழே சட்டையும் பொத்தானும் கரைந்து போயிருந்தன.

"அவருக்குக் கழுத்து வரைக்கும் வந்துச்சு சார்" என்றாள். தோளில் கிடந்த டேப்பை எடுத்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் தரையில் அழுத்தி, மேலே கறைவரை இழுத்துப் பிடித்தாள். "அம்பத்தேழு இஞ்சு. எழுதிக்குங்க."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் குடியிருக்கேன் சார். மெஷின் மேல ஏறி நின்னேன். மாடியில இருந்து, பத்திரமா இரும்மான்னு சொன்னாங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது மட்டும், "கீழ இனிமே ஆள் இருக்கக் கூடாது. சாமான் இருக்கலாம்" என்றார்.

அவள் படத்தைக் கழற்றிக்கொண்டு படியேறினாள்.

"எங்கம்மா போற?"

"சட்டம் சொன்ன இடத்துக்குத்தான் அத்தான்."

ஒரு காலத்தில் அவள் குடித்தனம் நடத்திய மாடி அறையைத் திறந்தாள். உள்ளே தரையிலிருந்து கூரைவரை பெரியவரின் பெயின்ட் டப்பாக்கள். ஆறு வருஷத்தில் ஒன்றுகூட நனைந்ததில்லை.

"ஒவ்வொண்ணா கீழ எறக்குங்க அத்தான்" என்றாள். "பத்திரமா."