ஆடை கட்டிய தொட்டி

அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுச் செத்த நேரம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாக்கடைக் கதைதான் சொல்லப்போகிறேன். ஆனாலும் மூக்கைப் பொத்தாமல் கேட்கலாம்.

திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஆரிபாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெருவுக்குப் போகுமுன் ஆட்டுக் கொழுப்பைத் தடுத்து நிறுத்த ஒரு தொட்டி வேண்டும் என்று மாநகராட்சி சொன்னதும், அந்தத் தெருவில் முதலில் வைத்தவள் அவள்தான். வைத்ததோடு விட்டாளா? மத்தியான வியாபாரம் முடிந்ததும் பிரியாணி வேகும் தேக்சா நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தொட்டிக்குள் கவிழ்த்துவிடுவாள். தொட்டி கல்யாணத் தாம்பாளம் மாதிரிப் பளபளக்கும்.

அப்படியிருந்தும் ஒரு நாள் கடைவாசலில் சாக்கடை பொங்கி வழிந்தது. சுகாதார ஆய்வாளர் ஜீவிதா வந்து தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, இம்புட்டுச் சுத்தமா இருக்கு?"

"தெனம் கொதிதண்ணி ஊத்துறேன்ல மேடம்!" ஆரிபாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதான் வினையே. உருகுன கொழுப்பு இங்க எப்புடி நிக்கும்? தெருவுக்குப் போய்க் கல்லாட்டம் கெட்டியாகிக் கெடக்கு. தொட்டியில பச்சத்தண்ணி நின்னு, மேல பாலாடை மாதிரிக் கொழுப்பு படியணும். அத வழிச்சு வாளியில சேத்து, எடுக்க வர்ற வண்டியில குடுக்கணும். இப்ப அடைப்ப நாங்க எடுத்துடுறோம். அடுத்த வாரம் வருவேன். மறுபடி அடைச்சிருந்தா சீல்தான், எனக்கு வேற வழியில்லக்கா."

சீல் வைத்துக் கடையை மூடிவிட்டால் ஆரிபா எங்கே போவாள்? அவள் வீட்டுக்கும், கூடவே சமைக்கிற தம்பி நூர் அகமது வீட்டுக்கும் அந்த ஒரு கடைதான் சோறு.

கொதிதண்ணீர் நின்றது. தட்டில் கிடந்த எலும்பைக் கூடையில் தட்டினார்கள். தேக்சாவின் அடியைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகே கழுவப் போட்டார்கள். ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போகும்போதும் வரும்போதும் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"தம் போட்ட சட்டிய இப்புடித் தொறந்து தொறந்து பாத்தா சோறு வேகுமாக்கா?" என்றான் நூர் அகமது.

"போடா, எனக்குத்தான் உள்ள வேகுது."

சொன்னபடி அடுத்த வாரம் ஜீவிதா வந்தாள். கூட வந்த ஆள் தெருச் சாக்கடைக்குள் நீளக் கம்பியை விட்டான். ஆரிபா முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கம்பி எங்கேயும் தட்டாமல் சரசரவென்று போனது. பிறகு தொட்டியின் மூடியைத் தூக்கினார்கள். குப்பென்று ஒரு நாற்றம்! உள்ளே வெள்ளை வெளேரென்று தடியாக ஆடை கட்டி நின்றது கொழுப்பு.

"நின்னுருச்சுக்கா!" மூக்கைப் பொத்தியபடி சிரித்தாள் ஜீவிதா. "கடைய நல்லபடியா நடத்துங்க. இத மட்டும் தவறாம வழிச்சிருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஆரிபா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த நாத்தத்துக்கா நான் இம்புட்டு ஏங்குனேன்!"

"அத்தர்னு நெனச்சு இன்னொருக்கா மோந்துக்க," என்றான் தம்பி.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, வழிக்கிற கரண்டியைக் கையில் எடுத்தாள். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டு அடுப்பும் நாளும் எரியட்டும், கண்ணுகளா. உண்டவர் வயிறு குளிரட்டும், கழுவிய தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற எல்லாரும் சிரித்த முகமாய்த் திரும்பட்டும்.