நாக்பூருக்குப் போகாத பஸ்

1

இந்தக் கதை கிடைத்தது பணம் கட்டும் பக்கத்தில். இணையக் கடை ஒன்றில் முந்திரி வாங்கினேன். எப்படி அனுப்பட்டும் என்று மூன்று வட்டங்கள் கேட்டன: கூரியர், தபால், 'பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம்'. நான் கூரியரைத் தொட்டேன். மூன்றாவதை எழுதியவர் யாரென்று தெரியாது. அதனால் ஒருத்தியை உண்டாக்கினேன்.

முதல் வரி: 'முந்திரிக்காட்டில் காற்று சலசலத்து...' (வேண்டாம். கதை நடப்பது கம்ப்யூட்டரில்.)

2

மீன்சுருட்டி என்ற ஊரில் இருக்கும் கலையரசி, ஜெயங்கொண்டம் துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு இணையத்தில் முந்திரிக்கடை போட்டாள். மாதக் கடைசி வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகத் துணிக்கடை முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் ஐந்து ஆர்டராவது வராவிட்டால் திரும்பிப் போய்விடுவதென்று அவளும் நினைத்திருந்தாள்.

கடையை அமைக்கப் பெரம்பலூரிலிருந்து தோழி சுகன்யா போனில் வழிகாட்டினாள். கூரியர், தபால் இரண்டும் ஆயிற்று. கும்பகோணத்துக்கோ விருத்தாசலத்துக்கோ ஒரு பை அனுப்ப இந்தப் பக்கத்து ஆட்கள் கூரியரைத் தேடுவதில்லை. கண்டக்டரிடம் கொடுத்து, பஸ் நம்பரைப் போனில் சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர் ஸ்டாப்பில் நிற்பார். கலையரசி அதையும் சேர்த்தாள், கட்டணம் இல்லாமல். எந்தெந்த ஊருக்கு என்று பக்கம் கேட்டது. 'இந்தியா முழுவதும்' என்று தட்டிவிட்டாள்.

[அவள் கணவன் தர்மனைக் குத்திப் பேசுகிறவனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். அவனோ உட்கார்ந்து கவருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.]

3

பதினெட்டாம் நாள் முதல் ஆர்டர். ஐந்து கிலோ. ஊர் நாக்பூர். பெயர் ஜோதி. அனுப்பும் வழி, பஸ்.

"கேன்சல் பண்ணிடுக்கா," என்றாள் சுகன்யா.

"மொத ஆர்டருடி."

தர்மன் டேப்பைக் கீழே வைத்தான். "நாக்பூர் கண்டக்டர் யாருன்னு சொல்லு. நான் போயி பாத்துப் பேசிட்டு வரேன்."

அவனை முறைத்துவிட்டுக் கலையரசி ஜோதிக்குப் போன் போட்டாள்.

"எந்த ஸ்டாப்புல நிக்கணுங்க?" என்றுதான் ஜோதி ஆரம்பித்தாள். சொந்த ஊர் திட்டக்குடியாம். பழக்க தோஷத்தில் பஸ்ஸைத் தொட்டுவிட்டாளாம்.

கலையரசி ஒளிக்கவில்லை. "ஊரைப் பிரிச்சுப் போடத் தெரியலீங்க. தப்பு என்னுது. கூரியர்ல வந்துரும், நீங்க ஒண்ணும் தர வேணாம்."

லாபம் கூரியரோடு போயிற்று. (ரயிலில் நாக்பூர் போகும் மாமா ஒருவரைக் கொண்டுவந்து செலவில்லாமல் முடித்திருக்கலாம். அப்படி மாமா யாரும் அவளுக்கு...)

அடுத்த வாரம் ஜோதியின் குடியிருப்பிலிருந்தே நான்கு ஆர்டர்கள் வந்தன, எல்லாம் கூரியரில். நான்கு எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. இரண்டாக்கிப் பார்த்தேன். கலையரசி முகம் வாடியது. நான்கே இருக்கட்டும்.

வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

4

இனி அந்த மூன்றாவது வட்டம். எடுத்துவிட்டால் கதை முடிந்தது. சுகன்யா சொல்வதுபோல் நாலு ஊரோடு நிறுத்தினாலும் முடிந்தது.

இரண்டாவதைத்தான் எழுதினேன். கலையரசி கும்பகோணம், விருத்தாசலம், அரியலூர், பெரம்பலூர் என்று குறித்தாள். நிறுத்தவில்லை. சிதம்பரம் சேர்ந்தது. திருச்சி சேர்ந்தது.

"சென்னைக்கும் பஸ் போவுதுல்ல?" என்றாள்.

"போவுது," என்றான் தர்மன்.

பட்டியல் இருபத்தாறில் நிற்கிறது. சேமிக்கும் பொத்தானை அவள் இன்னும் தொடவில்லை. உங்கள் ஊர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து நேர் பஸ் உண்டென்றால் நீங்களே எழுதிவிடுங்கள்:

27. [                ]