சோர்சியின் தலையில் இருந்த வலை

மீனவன் சோர்சியின் மண்டையைத் திறந்தபோது மூளைக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில், ஒரு வலை இருந்தது. மனிதத் தலையில் அப்படி ஒன்று உண்டு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ நூல்கள் சொல்லிவந்தன. முதலில் கண்டவருக்கு அது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மீன்வலைகள்போலத் தெரிந்ததால் 'ரேத்தே', அதாவது வலை, என்றே பெயர் வைத்தார். இரத்தம் அதில் வடிந்து உயிர்மூச்சாகிறது என்றார். கன்றின் தலையில் அது இருந்தது. ஆட்டின் தலையிலும் இருந்தது. மனிதனிடம்தான் அகப்படவில்லை. மாட்டைப் பார்த்து மனிதனை எழுதிவிட்டார்கள் என்று சொல்லும் நூலைப் பதுவை நகரப் பேராசிரியர் அச்சுக்குக் கொடுக்கவிருந்த வாரம், புயலில் மூழ்கிய சோர்சி ஆற்றுமுகத்தில் ஒதுங்கி, கேட்பாரில்லாமல் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி ஒர்சோலா கியோஜா என்ற மீனவ ஊரிலிருந்து படகேறி வந்தாள். உடலைத் தைத்துக் கொடுத்தார்கள். வலையைக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் புதைத்தால் கடைசித் தீர்ப்பு நாளில் எழுந்து வருபவனுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்பது அவள் கவலை.

"உலகத்துக்கே இது ஒண்ணுதாம்மா இருக்கு," என்றார் பேராசிரியர்.

"எனக்கும் ஒருத்தர்தான் ஐயா இருந்தாரு."

"மண்டைக்குள்ள வலைய வச்சுக்கிட்டா மனுஷன் கடல்ல போய் மீன் தேடினாரு?" என்றான் ஒரு மாணவன். பெஞ்சுகள் சிரித்தன.

ஒர்சோலா வலையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி. கியோஜாவில் அவள் கட்டும் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

"இது நான் போட்ட முடிச்சு," என்றாள். "நான் வலை கட்டுறப்ப எதிர்ல உக்காந்து கையையே பாத்துட்டு இருப்பாரு. ஒரு வார்த்த பேசமாட்டாரு. எம்மேல பிரியமே இல்லன்னு நெனச்சுட்டேன்."

பேராசிரியர் தையல் நூல் கொடுத்தார். அவள் ஒரு முடிச்சுப் போட்டாள். அவர் இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டு முடிச்சும் ஒரே எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. கையால் கட்டியது உடலுறுப்பாகாது. வலையை ஈரத்துணியில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டார். அவருடைய நூல் எழுதியபடியே வெளிவந்தது: ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, மனிதனுக்கு இல்லை.

மண்டையைத் திறந்த கத்தி வலையின் சில கண்களை அறுத்திருந்தது. சவப்பெட்டியோடு படகில் திரும்பும் வழியில் ஒர்சோலா அவற்றைக் கட்டிக்கொண்டே வந்தாள்.

"இம்புட்டுச் சின்னக் கண்ணு எந்த மீனுக்குக்கா?" என்றான் படகுக்காரன்.

"எம் புருஷனுக்கு."

அவன் குனிந்து துடுப்பை வலித்தான்.

கல்லறையில் அவள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வலையைச் சோர்சியின் தலைமாட்டில் வைத்தாள். பாதிரியார் அந்த ஊர்க்காரர். புது வலையைக் கடலில் இறக்கும்முன் சொல்லும் செபத்தைச் சொல்லி, தண்ணீர் தெளித்து, குழியை மூடச் சொன்னார்.